மிச்சமான 62 பனியன்கள்

2018 டிசம்பரில் என் பட்டறை மூலையில் ஒன்றரை ரோல் ஆரஞ்சுத் துணி கிடந்தது. நான் திருப்பூரில் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறவன். அவ்வப்போது சின்ன ஆர்டர்களை முழுசாக எடுத்துத் தைத்தும் கொடுப்பேன். அப்படி எடுத்த ஒன்றில் ஷேடு ஒத்துவரவில்லை என்று பார்ட்டி கழன்றுகொண்டார். இந்த மாதிரித் துணிக்கு எங்கள் ஊரில் ஒரே போக்கிடம் காதர்பேட்டை. மிச்சச் சரக்கை மொத்தமாக, அதாவது ஸ்டாக் லாட்டாக, எடுக்கிறவர்கள் சொல்லும் விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் விட்டுப் பட்டறைக்கு வந்த என் அக்கா பையன்தான் ரோலைத் தடவிப் பார்த்தான். "மாமா, இது சென்னை சிட்டி கலருங்க மாமா. வெளியே போட்றாதீங்க."

சென்னை சிட்டி என்பது கோவையில் ஆடிக்கொண்டிருந்த கால்பந்து அணி. அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அதற்கு முந்தைய வருடத்திலிருந்தே என்னை இழுத்துக்கொண்டு கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். பையனைத் தனியாக விடமுடியாது என்று துணைக்குப் போனவன்தான் நான். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவன் எனக்கு விளக்கியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவிநாசி ரோட்டில் பஸ் பிடித்து, இறங்கி, வ.உ.சி. பூங்கா பக்கமாக நடந்து போவோம். ஸ்டேடியத்தைச் சுற்றிக் கடைகள். அதில் ஏதாவது ஒன்றில் டீ குடித்துவிட்டு உள்ளே போனால், கேலரிக்கும் புல்லுக்கும் நடுவில் ஓட்டப்பாதை. பந்து கொஞ்சம் தூரமாகத்தான் தெரியும். ஆனால் கூட்டம் குறைவாக இருக்கிற நாளில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது காதில் விழும். ஒரு தடவை கோல்கீப்பர் தமிழில் திட்டியது கேட்டு மொத்த வரிசையும் சிரித்தது.

டீக்கடையில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அதென்னங்ண்ணா, சென்னைன்னு பேரு வெச்சுக்கிட்டு நம்மூர்ல ஆடறாங்க?"

நியாயமான கேள்வி. சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 2016-17 சீசனில், அன்றைக்கு நாட்டின் முதல் பிரிவுக் கால்பந்து லீகாக இருந்த ஐ-லீகுக்கு, நேரடி நுழைவில் வந்தது. கீழ்ப்பிரிவில் ஜெயித்து ஏறி வந்ததல்ல, விண்ணப்பம் போட்டு இடம் வாங்கி வந்தது. இந்தியன் வங்கி அணி பழைய தேசிய லீகிலிருந்து இறங்கிய பிறகு, நாட்டின் முதல் பிரிவில் தமிழ்நாட்டு அணி ஒன்று ஆடியது அப்போதுதான். முதல் சீசன் சென்னையில்தான் நடந்தது. ஆனால் அங்கே நேரு ஸ்டேடியம் ஏற்கெனவே ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்கிற இன்னொரு லீகின் அணியான சென்னையினுக்கு வீடு. ஒரே ஊரில், ஒரே மைதானத்தில், கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கிளப். யாருக்குக் கூட்டம் வரும் என்று கேட்கவே வேண்டாம். அடுத்த சீசனில் இவர்கள் கோவைக்கு வந்துவிட்டார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்த 2017-18 சீசன் ஒரு ரங்கராட்டினம். கொல்கத்தாவில் மோகன் பகானை 2-1 என்று சாய்த்தார்கள். அந்தத் தோல்வியோடு பகானின் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவியையே விட்டார். அப்புறம் அதே கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 7-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் எட்டாவது இடம். ஆனால் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இடது பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவே நாங்கள் போனோம். அந்த வருடம் லீகின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் அவர். சீசன் முடிந்ததும் ஐ.எஸ்.எல். அணி ஒன்று அவரைக் கொத்திக்கொண்டு போனது. அக்கா பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னக் கிளப்பை நேசித்தால் இது நடக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நல்லா ஆடுகிறவன் போய்விடுவான். போகிறவனைத் திட்டாதீர்கள், அவனுக்கு அதுதான் சம்பளம்.

2018-19இல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். கூடவே ஸ்பெயின் பக்கத்திலிருந்து நாலைந்து பேர்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா. பேர் கேள்விப்படாத ஆட்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணிக்கு எதிராக 4-1, அதில் மான்சி ஹாட்ரிக். தரையோடு தரையாகப் பந்தைத் தட்டித் தட்டி மேலே போனார்கள். நீளமாகத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிற ஆட்டத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுசு. எனக்கே ஆஃப்சைடு புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பனியன் கதைக்கு வருகிறேன். கையில் துணி இருக்கிறது, டீம் ஜெயிக்கிறது, அரங்கத்தில் ரசிகர்கள் அவரவர் வீட்டுச் சட்டையில் வருகிறார்கள். கிளப்பின் சின்னத்தைப் போடக்கூடாது, அது அவர்கள் சொத்து என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. எத்தனையோ பிராண்டு நோட்டீஸ்களைப் பார்த்த ஊர் எங்களுடையது. நெஞ்சில் பெரிதாக "கோவைக்காரன்" என்று மட்டும் போடலாம் என்று முடிவானது. திருப்பூர்க்காரன் அடித்துத் தருகிற "கோவைக்காரன்". என் பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

முதலில் வெள்ளை எழுத்து அடித்தோம். ஆரஞ்சில் வெள்ளை பளிச்சென்று இருக்கும் என்பது கணக்கு. ஸ்க்ரீனைத் தூக்கினால் அருமையாக இருந்தது. இங்கைச் சூட்டில் இறுகவைக்கும் க்யூரிங்கில் 160 டிகிரி சூடு காட்டி வெளியே எடுத்தபோதும் பரவாயில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளை எழுத்து மாம்பழ ஐஸ்கிரீம் நிறத்தில் இருக்கிறது. துணி பாலியஸ்டர் கலந்தது. சூட்டில் துணியின் சாயம் மேலேறி வெள்ளை இங்கைக் குடித்துவிட்டது. பதினெட்டு வருடம் தொழிலில் இருக்கிறவன் இந்தத் தப்பைச் செய்யக்கூடாது, ஆசையில் செய்தேன். சாயம் தடுக்கிற அடிக்கோட்டு இங்க் வாங்கி, குறைந்த சூட்டில் வேகிற இங்குக்கு மாறினால் சரியாகும். ஆனால் எண்பது பீஸுக்காக அவ்வளவு செலவு கட்டாது. கறுப்புக்கு மாறினேன். ஒரே ஸ்க்ரீன், ஒரே கலர், சாயம் ஏறினாலும் கறுப்பு கறுப்புதான். ரசிகர் சட்டை அடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: அடர் நிறப் பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் ஒரு பீஸ் அடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்.

எண்பதும் மூன்று ஆட்டத்தில் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே, என் டி.வி.எஸ். எக்ஸெல்லில் மூட்டை கட்டி வைத்துதான் விற்றோம். பாதிப் பேர் காசு "அடுத்த மேட்சுல தர்றனுங்க" என்றார்கள். முக்கால்வாசி வந்தது.

2019 மார்ச் 9. கடைசி நாள் நிலவரம் இப்படி: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இங்கே கோவையில் நமக்கு மினர்வா பஞ்சாப், அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலம் கேரளா. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில், மாலை 5 மணிக்கு. நாம் ஜெயித்தால் அங்கே என்ன நடந்தாலும் கோப்பை நமக்கு.

மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரியில் சத்தம் அப்படியே அடங்கியது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காதில் கையை வைத்துக்கொண்டு பேரனின் போனில் கோழிக்கோடு ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணிக்கு ஒரு தடவை "அங்கெ இன்னும் சும்மாதானுங்க" என்பார். அது ஒன்றுதான் ஆறுதல். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அது அவருக்கு அந்த சீசனில் 21ஆவது கோல். அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கௌரவ் போரா என்கிற தடுப்பாட்டக்காரர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை, 69ஆவது நிமிடத்தில் ஒன்று போட்டார். நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்களில் இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் முதலில் கோகுலம் முந்தி, அப்புறம் ஈஸ்ட் பெங்கால் இரண்டு போட்டு ஜெயித்திருந்தது. அதாவது இங்கே சமனில் முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

பெரியவர் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, என் பனியனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, இந்த எழுத்து போட்டது இன்னொன்னு இருக்குங்களா? எக்ஸெல் சைஸு?"

அந்த ஒரு கேள்வி என் புத்தியைக் கெடுத்தது. அடுத்த வாரமே 200 பீஸ் வெட்டினேன். இந்த முறை "சாம்பியன் 2018-19" என்று சேர்த்து அடித்தேன். தமிழ்நாட்டு அணி ஒன்று தேசிய லீகை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. வருடம் போடாமல் எப்படி? இந்தத் தொழிலில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் விதி, தேதி போட்ட சரக்கு காய்கறி மாதிரி என்பது. அதை மறந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, சீசன் முடிந்துவிட்டது என்பதையே மறந்தேன். அடுத்த ஆட்டம் கோவையில் நடக்க ஏழெட்டு மாதம் இருந்தது.

அந்த ஏழெட்டு மாதத்தில்தான் எல்லாம் மாறியது. தொடக்கத்தில் எல்லாம் நல்ல செய்தியாகவே இருந்தன. கோப்பைக்கு முந்தைய மாதம், பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. ஏப்ரலில் புவனேஸ்வரத்தில், இரண்டு லீக் அணிகளும் மோதிய சூப்பர் கோப்பையில் ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு அணியை 2-1 என்று நம் ஆட்கள் வெளியேற்றினார்கள், நெஸ்டர் இரண்டு கோல். அரையிறுதியில் கோவாவிடம் 0-3. அதனால் என்ன? ஐ.எஸ்.எல்.காரர்களுக்கு நாங்கள் குறைந்தவர்கள் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது என்று அக்கா பையன் மூன்று நாள் குதித்தான்.

நிரூபணத்துக்கு மதிப்பில்லை என்பது அக்டோபரில் தெரிந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு போட்ட புதுத் திட்டப்படி 2019-20 முதல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் பிரிவு. ஐ-லீக் அதற்குக் கீழே. ஜெயித்த அணி மேலே ஏறும் வழியும் 2022-23 சீசனில்தான் திறக்கும். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய சாம்பியன் நாங்கள்தான்.

இது பெருமைப் பிரச்சினை மட்டுமில்லை, சோற்றுப் பிரச்சினை. ஒரு கிளப்புக்குப் பணம் வருவது டிக்கெட்டில் இல்லை. கோவையில் கேட்டில் வந்த காசு ஸ்பெயின்காரர்களின் சாப்பாட்டுக்குக்கூடப் போதியிருக்காது என்று நினைக்கிறேன். சட்டையில் பேர் போடுகிற விளம்பரதாரர் தர வேண்டும். அவர் தருவது டிவியில் தெரிந்தால். ஆனால் கோப்பை ஜெயித்த அந்த சீசனின் நடுவிலேயே, மிச்ச ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டும்தான் காட்டுவோம் என்று ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்கள். இப்போது லீகே இரண்டாம் பிரிவு. யார் பேர் போடுவார்கள்? இதற்கு முன்னால் போனவர்களும் சின்ன ஆட்கள் இல்லை. தேசிய லீகை ஜெயித்த மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைந்தது. முதல் தேசிய லீகையே ஜெயித்த பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இல். பாரத் எஃப்.சி. ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டுப் போனது. முதலாளியின் பையிலிருந்து மட்டுமே பணம் வரும் கிளப், அந்தப் பை மூடுகிற அன்று முடிந்துவிடும். எங்கள் ஊரில் ஒரே பார்ட்டியை நம்பி மெஷின் வாங்கியவர்கள் கதையும் இதேதான். இதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, 200 பீஸ் அடித்தேன்.

2019-20 தொடங்கியபோது பனியனோடு மறுபடி கேட்டுக்கு வெளியே நின்றேன். நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போயிருந்தார். ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குப் போனார். "சாம்பியன் 2018-19" என்று படித்துவிட்டு ஒரு கல்லூரிப் பையன், "அது போன வருசம்ங்ணா" என்றான். தப்பாகச் சொல்லவில்லை.

அந்த ஜனவரியில் சாம்பியனுக்குரிய ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று ஆட்டம். பஹ்ரைனில் அல் ரிஃபாவிடம் 0-1. அங்கிருந்து, ஆசியக் கிளப்களின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பைக்கு இறங்கினார்கள். மார்ச் 11ஆம் தேதி மாலத்தீவின் மசியா அணியோடு "சொந்த மண்" ஆட்டம். எங்கே தெரியுமா? அகமதாபாத்தில். பேர் சென்னை, வீடு கோவை, ஆசியப் போட்டிக்குச் சொந்த மண் குஜராத். 2-2 என்று முடிந்தது. நாங்கள் போனில் பார்த்தோம். நாலு நாளில் கொரோனாவால் லீகும் நின்றது.

2020-21 முழுக்கக் கொல்கத்தாப் பக்கம், பார்வையாளர் இல்லாமல், அணிகளை விடுதிகளில் அடைத்துவைத்து நடத்தினார்கள். கோவைக்கு ஒரு ஆட்டம்கூட வரவில்லை. கிளப் உரிமத் தகுதி கிடைக்காமல் 2021-22 லீகில் சென்னை சிட்டி இல்லவே இல்லை. அவ்வளவுதான். வழியனுப்பு ஆட்டம் கிடையாது. யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. அட்டவணையைப் பார்த்தோம், பேர் இல்லை. ஐந்து சீசன், முடிந்தது.

அந்த மார்ச் 9ஆம் தேதி மாலை ஆடிய மற்ற மூன்று அணிகளும் இன்று எங்கே என்று அக்கா பையன் ஒரு நாள் எழுதிக் காட்டினான். ஈஸ்ட் பெங்கால் 2020இல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போய்விட்டது. கோகுலம் அடுத்தடுத்து இரண்டு ஐ-லீக் ஜெயித்தது. கோவையில் நம்மிடம் 3-1 என்று தோற்ற மினர்வா, கைமாறி, பஞ்சாப் எஃப்.சி.யாகி, 2023இல் ஐ-லீக் ஜெயித்து முதல் பிரிவுக்கு முறையாக ஏறிய முதல் அணியானது. மேலே போகும் ஏணியை வைத்தபோது நாங்கள் இல்லை. அன்று கோப்பை கிடைக்காத மூவரில் ஒருவரும் சாகவில்லை, ஜெயித்தவர்தான் போனார். ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு இது கடைசிவரை தெரியவில்லை.

இப்போது யாராவது புதுக் கிளப் என்று சொன்னால் நான் கேட்பதே வேறு. மைதானம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு? பயிற்சி எங்கே நடக்கிறது? பதினைந்து வயசுப் பையன்களின் அணி நிஜமாக இருக்கிறதா, பேப்பரில் இருக்கிறதா? பெரிய வெளிநாட்டுப் பங்குதாரர் வந்திருக்கிறார் என்றால் சந்தோஷம், ஆனால் மாச வாடகையை யார் கட்டுகிறார்கள்? போட்டி முடிந்த பிறகு டிக்கெட், அட்டவணை, படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கிளப் போனால் அதன் இணையதளமும் கூடவே போகும். அக்கா பையனிடம் இருக்கிற ஒரு ஷூ டப்பாதான் எங்களுக்கு மிஞ்சியது.

ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கிளப் கலைந்தால் ரசிகனுக்கு வருத்தம், ஆட்டக்காரனுக்குப் பாக்கி. எனக்குத் தெரிந்த ஒரு பையன், வேறொரு சின்னக் கிளப்பில், ஏழு மாதம் ஆடிவிட்டு மூன்று மாதச் சம்பளம் வராமல் வந்தான். ஒப்பந்தத்தின் நகல் அவனிடம் இல்லை. கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் தருகிறோம் என்றார்களாம். காகிதம் இல்லாமல் எங்கே போய் முறையிடுவது? அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் ஆட்டக்காரர் நிலை பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது, புகார் கொடுக்கலாம். ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது ஒப்பந்தத்தைத்தான். கையெழுத்துப் போட்ட அன்றே நகல் வாங்குங்கள். தேதி, தொகை, எத்தனை மாதம், காயம்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, இந்த நாலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், கையில் வாங்காதீர்கள்.

பனியன் கணக்கைச் சொல்லி முடிக்கவில்லை. 200இல் 138 போனது, 62 மிச்சம். மூன்று வருடம் பரணில் கிடந்து, கடைசியில் காதர்பேட்டையில் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து உதறி, "சாம்பியன்னா எதுலீங்க, கபடியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எண்ண ஆரம்பித்தார். துணியாகவே அன்றைக்குத் தள்ளியிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும்.

அக்கா பையனுக்கு இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. இடது பக்க டிஃபெண்டர். போன மாதம் ஒரு கிளப்பிலிருந்து தேர்வாகிவிட்டான் என்று கடிதம் வந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "கிரவுண்டு அவங்களுது இல்லீங்க மாமா, வாடகைதான், மூணு வருசத்துக்குப் பேப்பர் பாத்துட்டேன்" என்றான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி ஒப்பந்தத்துக்கு மூன்று நகல் எடுக்கச் சொன்னேன். ஒன்று அவனுக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று என் பீரோவில். அவர்களுடைய கலர் பச்சையாம். எத்தனை பீஸ் அடிக்கலாம் என்று அவன் கேட்டான். முதல் மேட்சுக்கு இருபது போதும் என்றேன், வருடம் போடாமல்.